பிளைத்பரோ தேவாலயம்: ஆளில்லாச் சதுப்பு நிலத்தில் இவ்வளவு பெரிய கோயில் எப்படி வந்தது?

வைகைக்கரை எழுதியது:

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் சஃபோக் பகுதி. இப்ஸ்விச்சிலிருந்து லோஸ்டாஃப்ட் போகும் ஏ12 சாலையில், பிளைத் ஆறு சதுப்பாக விரியும் இடத்தில் பிளைத்பரோ என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. இன்று அங்கே வாழ்பவர்கள் சில நூறு பேர்தான். ஆனால் மேட்டின் மேல் நிற்கும் பரிசுத்த திரித்துவ தேவாலயம் ஒரு நகரத்துக்கே போதும். சதுப்பு நிலங்களின் பேராலயம் என்றுதான் அதை அழைக்கிறார்கள். உண்மையில் அது ஆயர் இருக்கும் பேராலயம் இல்லை, ஊர் மக்களின் பங்குக் கோயில்தான்.

கோபுரம் 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. மற்றதெல்லாம் 15ஆம் நூற்றாண்டில் புதிதாகக் கட்டியது. அதனால்தான் கோபுரம் உடம்போடு ஒட்டாமல் கொஞ்சம் முரட்டுத்தனமாகத் தெரிகிறது. வெளியே நின்று பார்த்தால் முதலில் கண்ணில் படுவது மேல்வரிசைச் சன்னல்கள். ஒரு பக்கத்துக்கு 18, இடைவெளியே இல்லாமல் கடைசிவரை ஓடுகின்றன. உள்ளே போனால் அந்த வெளிச்சம் முழுக்க வெளுத்த மரத்திலும் செங்கல் தரையிலும் விழுகிறது. நிமிர்ந்தால் கூரையின் நடுமுதுகில், ஒவ்வொரு உத்திரத்திலும் இரண்டிரண்டாக, முதுகோடு முதுகு ஒட்டிய தேவதூதர்கள் சிறகு விரித்திருக்கிறார்கள்.

இடைக்கால ஆங்கிலத் தேவாலயங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இது. இதைப் பற்றித் தெரிந்தவர்கள் எழுதுங்கள். கட்டடக்கலை, வரலாறு, கதைகள் எல்லாம் வரட்டும். என்னை விடாமல் துளைக்கும் கேள்விகள் இரண்டு: இவ்வளவு காசு எங்கிருந்து வந்தது? இவ்வளவு பழைய மரவேலை எப்படித் தப்பித்தது?

---

நெல்லைச்சீமை எழுதியது:

காசு பற்றி நான் சொல்கிறேன்.

இன்றைய ஆற்றைப் பார்த்து அன்றைய ஊரைக் கணிக்கக் கூடாது. இடைக்காலத்தில் பிளைத் ஆற்றில் கப்பல் வந்தது, பிளைத்பரோ ஒரு துறைமுகம், சந்தை ஊர். சஃபோக்கும் சேர்ந்த கிழக்கு ஆங்கிலியா முழுவதுமே அப்போது கம்பளியாலும் துணியாலும் கொழித்த நாடு. ஊரின் பழமை அதற்கும் முந்தியது. 7ஆம் நூற்றாண்டில் மெர்சியா அரசன் பெண்டாவோடு போரிட்டு இறந்த கிழக்கு ஆங்கிலிய அரசன் அன்னாவை இங்கேதான் புதைத்தார்கள் என்று ஈலி மடத்து ஏடு சொல்கிறது. (அன்னா இங்கே ஆண் பெயர்.) திமிங்கில எலும்பில் செய்த 8ஆம் நூற்றாண்டு எழுத்துப் பலகை ஒன்று இவ்வூரில் கிடைத்து, இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரிந்த துறவிகள் அவ்வளவு சீக்கிரமே இங்கு இருந்தார்கள் என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்? பின்னால் எசெக்ஸில் உள்ள செயின்ட் ஓசித் மடத்தின் கிளையாக அகஸ்தீனிய மடம் ஒன்றும் ஊரில் இருந்தது.

15ஆம் நூற்றாண்டில் இவ்வூரின் நிலப்பிரபு ஜான் ஹாப்டன். 1478இல் இறந்தார். அவருடைய கல்லறை பீடப்பகுதிக்கும் வடபுறத்து ஹாப்டன் சிற்றாலயத்துக்கும் நடுவில் இன்றும் இருக்கிறது. அவரைப் போன்ற ஒருவர், அவருக்குக் கீழே வசதியான வணிகர்கள், அவர்களுக்கும் கீழே உயிலில் சில ஷில்லிங் எழுதிவைத்த சாதாரணக் குடியானவர்கள். இவர்கள் எல்லோரும் சேர்ந்து எழுப்பிய கட்டடம் இது.

---

அந்தோணி_தூத்துக்குடி எழுதியது:

உயிலில் ஏன் எழுதிவைத்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் பாட்டி காலத்தில் உத்தரிக்கிற ஸ்தலத்து ஆன்மாக்களுக்காக ஜெபிக்காமல் ஒருநாளும் படுத்ததில்லை. 15ஆம் நூற்றாண்டு சஃபோக்கிலும் அதே விசுவாசம்தான். செத்தபின் ஆன்மா சுத்திகரிப்பில் கிடக்கும் காலத்தை, உயிரோடு இருப்பவர்களின் ஜெபமும் பூசையும் குறைக்கும் என்று நம்பினார்கள். அதனால் சன்னலுக்குக் காசு கொடுத்தவன் சன்னலிலேயே தன் பெயரை எழுதி, என் ஆன்மாவுக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்று கேட்டான். ஹாப்டன் சிற்றாலயமும் அதற்காகத்தான், அந்தக் குடும்பத்துக்காகத் தனியே பூசை வைக்க.

அப்படிப் பார்த்தால் இந்தக் கோயிலே கல்லிலும் மரத்திலும் செய்த ஒரு பெரிய வேண்டுதல். 1547இல் ஆறாம் எட்வர்டின் சட்டம் இப்படிப்பட்ட பூசை மானியங்களையெல்லாம் பறித்துக்கொண்டபோது, கட்டடம் எதற்காக எழுப்பப்பட்டதோ அந்தக் காரணமே ஒரே நாளில் குற்றமாகிவிட்டது. அந்தத் தலைமுறையை நினைத்தால் எனக்கு மனம் கனக்கிறது. தாத்தா ஆன்மாவுக்காக அப்பா கட்டிவைத்ததை மகன் நின்று பார்க்க, சுவர்ச் சித்திரங்கள் மீது சுண்ணாம்பு அடித்தார்கள்.

---

சுடர்_லண்டன் எழுதியது:

நல்ல இழை. நான் ஒரு சுற்றுலாக் குழுவோடு போனபோது வழிகாட்டி சொன்னது: 17ஆம் நூற்றாண்டு உள்நாட்டுப் போரில் மன்னரை எதிர்த்துப் போரிட்ட கிராம்வெல்லின் படைவீரர்கள் குதிரைகளை உள்ளே கட்டினார்கள், தூண்களில் இருக்கும் இரும்பு வளையங்கள் அதற்குத்தான், தேவதூதர்களைத் துப்பாக்கியால் சுட்டார்கள், குண்டு இன்னும் மரத்தில் இருக்கிறது. கேட்கும்போதே நெஞ்சு பதறியது. இது எவ்வளவு தூரம் உண்மை?

---

ஓலைக்கணக்கு எழுதியது:

சுடர், இதைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்ப்போம். இங்கே நமக்கு எழுத்துச் சான்று இருக்கிறது, அதுதான் பெரிய வசதி.

சஃபோக்கின் லாக்ஸ்ஃபீல்டைச் சேர்ந்த வில்லியம் டௌசிங் என்பவரை, 1643 டிசம்பரில் நாடாளுமன்றப் படைத்தளபதியான மான்செஸ்டர் பிரபு ஓர் ஆணை கொடுத்து நியமித்தார். தேவாலயங்களில் இருக்கும் உருவங்களை, அவர்கள் பார்வையில் மூடநம்பிக்கைச் சின்னங்களை, ஒழிக்க வேண்டும். டௌசிங் கேம்பிரிட்ஜ்ஷையரிலும் சஃபோக்கிலும் இருநூறுக்கும் மேற்பட்ட தேவாலயங்களுக்குப் போனார், போன இடத்தையெல்லாம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். ஒரு கோயிலுக்கு 6 ஷில்லிங் 8 பென்ஸ் கூலி, அதையும் அந்தந்த ஊர்தான் கொடுக்க வேண்டும்.

பிளைத்பரோவுக்கு அவர் வந்தது 1644 ஏப்ரல் 9. இருபது படங்கள், சிலுவைகள், கோயிலிலும் பீடப்பகுதியிலுமாக இருபது தேவதூதர்களை இறக்க வேண்டும், ஆன்மாவுக்காக வேண்டச் சொல்லும் எழுத்துகளை உடைத்தேன், இன்னும் இருநூறுக்கு மேற்பட்ட படங்களை எட்டு நாளில் எடுக்க உத்தரவிட்டேன் என்கிறது குறிப்பு. இதில் துப்பாக்கியே இல்லை. படை வந்து தங்கியதாகவும் இல்லை. ஒரு ஆள் வருகிறார், கைக்கு எட்டியதை உடைக்கிறார், எட்டாததை உடைக்கச் சொல்லிவிட்டு அடுத்த ஊருக்குப் போகிறார். முந்தின நாள் சௌத்வோல்டும் வால்பர்ஸ்விக்கும் பார்த்தாயிற்று, அவ்வளவு அவசரம்.

இன்னொன்று. டௌசிங்கின் கையில் இருந்தது நாடாளுமன்றத்தின் 1643 ஆகஸ்ட் சட்டம். அதில் சிலுவை, திரித்துவம், கன்னி மரியாள், புனிதர்கள் வருகிறார்கள். தேவதூதர்களைப் பெயர் சொல்லிச் சேர்த்தது 1644 மே மாதச் சட்டம்தான். ஆக, ஏப்ரலில் பிளைத்பரோ தேவதூதர்களை இறக்கச் சொன்னபோது அவர் சட்டத்தின் எழுத்தைத் தாண்டி நடந்திருக்கிறார்.

குண்டு விஷயம். மரத்தில் ஈயச் சன்னங்கள் இருந்தது உண்மைதான். 20ஆம் நூற்றாண்டில் தேவதூதர்களைப் பழுதுபார்த்தபோது அவற்றை ஆராய்ந்தார்கள். அவை 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்று தெரிந்தது. அதே நூற்றாண்டுக் கோயில் கணக்கில், உள்ளே கூடு கட்டிய ஜாக்டா காக்கைகளைச் சுடுவதற்குக் கூலி கொடுத்த வரவு செலவு இருக்கிறது. ஈயத்தையும் கணக்கையும் சேர்த்துப் படித்தால் விஷயம் முடிந்துவிட்டது.

குதிரை வளையத்துக்கு இப்படி ஒரு சான்று இல்லை. அதைக் கதையாகவே வைத்துக்கொள்வது நல்லது.

---

சுடர்_லண்டன் எழுதியது:

அப்படியென்றால் தேவதூதர்கள் ஏன் தப்பித்தார்கள்? உத்தரவு போட்டாயிற்றே.

---

தச்சன்மகன் எழுதியது:

உயரம், அப்புறம் செலவு. அவ்வளவு உயரத்துக்குச் சாரம் கட்டி, உத்திரத்தோடு பிணைத்த சிற்பத்தைக் கழற்றுவது ஒருநாள் வேலை இல்லை. காசு யார் கொடுப்பது? ஊர்க்காரர்கள் இழுத்தடித்திருக்க வேண்டும் என்பது என் ஊகம், ஆனால் நியாயமான ஊகம் என்று நினைக்கிறேன். கைக்கு எட்டிய திருமுழுக்குத் தொட்டியைப் பாருங்கள். அதைச் சுற்றியிருந்த உருவங்களையெல்லாம் வழித்து மொட்டையாக்கியிருக்கிறார்கள். தரைக்கும் கூரைக்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

கூரையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லட்டுமா? எங்கள் குடும்பத் தொழில் மரம் என்பதால் எனக்கு இது தனிப் பிரியம்.

சாய்வு அதிகமான கூரைக்கு ஓடு, கூரைப்புல் எல்லாம் சரி. ஆனால் சாய்வு குறைந்த கூரையில் தண்ணீர் நிற்கும், அதனால் ஈயத் தகடு வேண்டும். ஈயத்தைச் செங்குத்தான சரிவில் போட்டால் அதன் எடையாலேயே மெல்ல மெல்லக் கீழே வழுகும், தட்டையான சரிவில் அப்படியே கிடக்கும். 15ஆம் நூற்றாண்டில் காசுள்ள ஊர்கள் ஈயத்துக்கு மாறியதும் கூரைகள் தாழ்ந்தன. கூரை தாழ்ந்ததும் அது மறைத்துக்கொண்டிருந்த சுவரின் மேற்பகுதி திறந்துகொண்டது. அங்கேதான் மேல்வரிசைச் சன்னல்கள் வந்தன.

இப்போது பாருங்கள், 18 சன்னல் வைத்த சுவரில் சுவர் எங்கே இருக்கிறது? சன்னல்களுக்கு நடுவே சின்னச் சின்னக் கல்தூண்கள்தான். செங்குத்தான கூரை சுவரை வெளிப்பக்கம் தள்ளும், இந்தச் சுவர் அதைத் தாங்காது. நடுவில் லேசாக மேலே வளைந்த பெரிய ஓக் உத்திரத்தைச் சுவரிலிருந்து சுவருக்குப் போட்டால் பாரம் பெரும்பாலும் நேர்கீழே இறங்கும். ஆக, ஈயம், தாழ்ந்த கூரை, உத்திரம், சன்னல் எல்லாம் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன. ஒன்றை மட்டும் தனியே எடுத்து அழகு என்று சொல்ல முடியாது.

அந்த உத்திரத்தின் நடு இடம் எல்லோர் கண்ணும் போகும் இடம். அங்கேதான் தேவதூதர்கள். மார்பில் ஏந்தியிருக்கும் கேடயங்களில் உள்ளூர்க் குடும்பங்களின் சின்னங்கள். கைமரங்களில் சிவப்பும் பச்சையுமாகப் பூக்களும் இயேசுவின் நாமச் சுருக்கமும் தீட்டியிருக்கிறார்கள். அந்த வண்ணத்தின் மேல் பிறகு யாரும் தூரிகை வைக்கவில்லை. மங்கிவிட்டது, அவ்வளவுதான்.

இங்கிலாந்தில் சுமார் 170 தேவதூதர் கூரைகள் மிஞ்சியிருக்கின்றன, பெரும்பகுதி கிழக்கு ஆங்கிலியாவில். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் ஹியூ ஹெர்லண்ட் என்ற தச்சர் 1390களில் செய்த கூரைதான் இந்த மரபின் தொடக்கம் என்கிறார்கள். அங்கே இருப்பது அரசன் காசு. இங்கே இருப்பது ஊர்க் காசு. எனக்கு இதுதான் பெரிது.

---

மழைக்காதலி எழுதியது:

கறுப்பு நாய் கதையை யாரும் சொல்லவில்லையே! வடக்கு வாசல் கதவில் நகக்குறி இருக்கிறது, சாத்தானின் விரல் தடம் என்கிறார்கள்.

---

ஓலைக்கணக்கு எழுதியது:

1577 ஆகஸ்ட் 4, ஞாயிறு. வழிபாடு நடக்கும்போது இடி மின்னலோடு பெரும்புயல். கோபுரத்தின் மேலிருந்த கூம்பு சரிந்து கூரையைப் பிய்த்துக்கொண்டு உள்ளே விழுந்தது. ஒரு ஆளும் ஒரு பையனும் செத்தார்கள். அதே நாள் அதே புயல் பங்கே என்ற ஊரின் தேவாலயத்தையும் தாக்கியது. அங்கே கறுப்பு நாய் வடிவில் சாத்தான் வந்ததாக ஆபிரகாம் ஃபிளெமிங் என்பவர் உடனே ஒரு சிறு நூல் அச்சடித்து வெளியிட்டார். பிளைத்பரோவும் அந்தக் கதைக்குள் வந்துவிட்டது. கிழக்கு ஆங்கிலியாவில் ஏற்கெனவே உலவிய பிளாக் ஷக் என்ற பேய்நாயோடு பிற்காலத்தில் இது கலந்தது.

மின்னல் அடித்ததும் உயிர்ச்சேதமும் நடந்தவை. கதவில் இருக்கும் கருகல் வேறு. மெழுகுத்திரியையோ எரியும் திரி போன்ற ஒன்றையோ மரத்தில் சாய்த்துப் பிடித்துச் சுட்ட, சொட்டு வடிவக் கருகல்கள் இங்கிலாந்தின் பழைய வீடுகளிலும் களஞ்சியங்களிலும் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. வேண்டுமென்றே, பொறுமையாகப் பிடித்தால்தான் அந்த வடிவம் வரும் என்று செய்துபார்த்துக் காட்டியிருக்கிறார்கள். தீயும் தீமையும் அண்டாமல் இருக்க வைத்த காப்பு என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. பிளைத்பரோ கதவுக் கருகல்களும் பார்வைக்கு அந்த வகைதான்.

---

மழைக்காதலி எழுதியது:

மின்னலுக்குப் பயந்து காப்பு வைத்த கதவு, பின்னால் மின்னலோடு வந்த சாத்தானின் தடம் ஆகிவிட்டதோ! நாய்க் கதையைவிட எனக்கு இது பிடித்திருக்கிறது.

---

வைகைக்கரை எழுதியது:

அருமை. என் பங்குக்குப் பெஞ்சுகளைப் பற்றி. பெஞ்சு ஓரங்களில் செதுக்கிய சின்னச் சின்ன ஆட்களைத் தவறவிடாதீர்கள். ஏழு தலையான பாவங்கள் அங்கே உட்கார்ந்திருக்கின்றன. சோம்பல் கட்டிலில் படுத்திருக்கிறது, போசனப்பிரியம் தொந்தியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, அவதூறு நாக்கை நீட்டுகிறது. கால்விலங்குக் கட்டையில் மாட்டிய குடிகாரன் ஒருவன். பருவத்துக்குப் பருவம் வயல்வேலை செய்பவர்களும் உண்டு. வாசிக்கத் தெரியாத ஊருக்கு இது பாடம் என்று வழக்கமாகச் சொல்வார்கள். எனக்கு வேறு ஒன்றும் தோன்றுகிறது: தினமும் கை வைத்து எழுந்து உட்காரும் உயரத்தில் இருப்பதால், பாடத்தைவிட அது பழகிய முகமாகவே இருந்திருக்கும்.

பீடப்பகுதி இருக்கைகளின் முன்பலகையில் அப்போஸ்தலர்கள் வரிசையாக நிற்கிறார்கள். அதே பலகைகளைப் பிற்காலத்தில் பள்ளிக்கூட மேசையாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். மைக்கூட்டுக்குத் துளை இருக்கிறது. ஸ்டாக்ஹோமைச் சேர்ந்த டிர்க் என்ற பையன் 1665இல் தன் பெயரைச் செதுக்கிவிட்டுப் போயிருக்கிறான். அப்போஸ்தலர்களைவிட அந்தப் பையன்தான் என் மனதில் நின்றான். கடிகாரத்து ஜாக் என்ற மரப்பொம்மையும் இருக்கிறது, 1682. கையில் கோடரி, மணியை அடிப்பான். வழிபாடு தொடங்குவதை இப்போதும் அவன்தான் அறிவிக்கிறான்.

---

செங்கல்சுண்ணாம்பு எழுதியது:

எல்லோரும் பழமையைப் புகழ்கிறீர்கள். நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். கூரை வண்ணம் மங்கிப்போய்க் கிடக்கிறது. இடைக்காலத்து மக்கள் பார்த்தது பளபளக்கும் சிவப்பும் பச்சையும். நமக்குக் கிடைப்பது வெறும் வெளுத்த மரம். தகுந்த ஆய்வோடு மறுபடி வண்ணம் தீட்டினால் அதுதானே கட்டியவர்களுக்குச் செய்யும் மரியாதை? வெள்ளைச் சுவரும் வெளுத்த மரமும் பார்த்து உருகுவது 20ஆம் நூற்றாண்டு ரசனை. அதற்கும் 15ஆம் நூற்றாண்டுக்கும் தொடர்பில்லை.

---

தச்சன்மகன் எழுதியது:

வெளுத்த மரத்தை ரசிப்பது நம் காலத்து ரசனை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மறுபடி தீட்டுவதை நான் எதிர்ப்பேன். காரணம் ரசனை இல்லை. மேலே மிஞ்சியிருப்பது அசல் நிறமி. அதன் மேல் புது வண்ணம் ஏறினால் 15ஆம் நூற்றாண்டுத் தூரிகை போன இடம் நிரந்தரமாக மூடிப்போகும். பளபளப்பைப் பார்க்க வேண்டுமென்றால் ஒரு மாதிரி செய்து கீழே வையுங்கள், கணினியில் செய்யுங்கள். அசலை விட்டுவிடுங்கள்.

இந்தச் சண்டை இந்தக் கோயிலிலேயே நடந்திருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் கட்டடம் அவ்வளவு சீரழிந்து, மழை பெய்தால் உள்ளே குடை பிடித்து உட்கார்ந்தார்கள் என்பார்கள். 1881இல் ஆபத்தானது என்று ஆயர் மூடினார். 1884இல் திரும்பத் திறந்தது. அந்தக் காலத்தில் புதுப்பிப்பு என்றால் பழைய பூச்சைச் சுரண்டு, தரையை மாற்று, பெஞ்சைத் தூக்கி எறி, 14ஆம் நூற்றாண்டு எப்படி இருந்திருக்க வேண்டும் என்று நாமே நினைக்கிறோமோ அப்படிக் கட்டு என்று அர்த்தம். அதை எதிர்த்துத்தான் கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மாரிஸ் 1877இல் பழைய கட்டடங்களைக் காக்கும் சங்கத்தைத் தொடங்கினார். அந்தச் சங்கம் பிளைத்பரோவில் தலையிட்டு, பழுது மட்டும் பாருங்கள், மாற்றாதீர்கள் என்று பல ஆண்டுகள் மல்லுக்கு நின்றது. உள்ளூர்க்காரர்களுக்கு எரிச்சல்தான். நனைவது அவர்கள் தலைதானே. ஆனாலும் பெரிய புதுப்பிப்புக்குக் காசும் இல்லாமல், விடாப்பிடியான எதிர்ப்பும் இருந்ததால், சுரண்டாத தரையும் சுரண்டாத கூரையும் நமக்குக் கிடைத்தன.

---

செங்கல்சுண்ணாம்பு எழுதியது:

மாதிரி செய்து கீழே வைப்பது எனக்குச் சம்மதம். ஆனால் மாரிஸ் கட்சியையும் முழுசாகப் புனிதப்படுத்த வேண்டாம். கூரை ஒழுகும் ஊர்க்காரனிடம் தூரத்திலிருந்து கடிதம் எழுதி, தொடாதே என்று சொல்வது சுலபம். வழிபடுகிறவர்களுக்கும் அந்தக் கட்டடத்தில் உரிமை உண்டு.

---

அந்தோணி_தூத்துக்குடி எழுதியது:

இதை நானும் சொல்ல நினைத்தேன். இடைக்கால வழக்கமே அதைத்தான் சொல்கிறது: பீடப்பகுதியைப் பழுதுபார்ப்பது கோயிலின் வருமானத்தைப் பெறுகிறவரின் பொறுப்பு, நடுக்கூடம் ஊர் மக்களின் பொறுப்பு. ஊர் நொடித்துப்போனால் நடுக்கூடமும் நொடித்துப்போகும். பிளைத்பரோவில் 1537இல் மடம் கலைந்தது, கப்பல்கள் பெரிதாகி ஆறு தூர்ந்தது, 17ஆம் நூற்றாண்டில் தீவிபத்து வேறு. அந்த மிச்ச மக்கள் இருநூறு முந்நூறு வருஷம் இந்த மலையைத் தோளில் சுமந்திருக்கிறார்கள். அவர்களுக்கும் ஒரு நன்றி சொல்ல வேண்டும்.

---

நெல்லைச்சீமை எழுதியது:

அந்தச் சுமையைத் தாங்காத ஊர்கள் பக்கத்திலேயே இருக்கின்றன. கோவ்ஹைத்தில் 1672இல் அனுமதி வாங்கிப் பெரிய தேவாலயத்தின் கூரையை ஊரே கழற்றியது. அதன் இடிபாட்டுக்குள்ளேயே புல் வேய்ந்த சின்னக் கோயில் ஒன்றைக் கட்டிக்கொண்டார்கள், அது இன்றும் வழிபாட்டில் இருக்கிறது. வால்பர்ஸ்விக்கில் 1695இல் இதே கதை: கோபுரத்தையும் தென்பக்கக் கூடத்தையும் வைத்துக்கொண்டு மற்றதை இடித்து விற்க அனுமதி. டன்விச்சில் கடலே கரையைத் தின்றது, அங்கிருந்த கடைசி இடைக்காலத் தேவாலயமான சகல புனிதர் கோயில் 1904க்கும் 1919க்கும் இடையில் துண்டு துண்டாகக் கடலில் விழுந்தது. இவை மூன்றையும் பார்த்தபின் பிளைத்பரோவுக்குள் நுழைந்தால், அங்கே எதெல்லாம் போயிருக்கக் கூடும் என்பது புரியும்.

---

சுடர்_லண்டன் எழுதியது:

கோடையில் நண்பர்களோடு திரும்பப் போகலாம் என்று இருக்கிறேன். எதைத் தவறவிடக் கூடாது?

---

வைகைக்கரை எழுதியது:

முதலில் உள்ளே போகாதீர்கள், கிழக்குச் சுவருக்குப் போங்கள். சஃபோக்கில் நல்ல கட்டடக்கல் கிடையாது, வயலில் கிடைக்கும் ஃபிளின்ட் என்ற சிக்கிமுக்கிக் கல்தான். அதை உடைத்துக் கறுத்த முகம் வெளியே தெரியும்படி வைத்து, தொலைவிலிருந்து கொண்டுவந்த வெளிர் சுண்ணக்கல்லோடு சேர்த்து இழைத்திருப்பார்கள். பெரிய சன்னலுக்குக் கீழே அப்படி இழைத்த எழுத்துகள் ஒரு வரிசை இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு லத்தீன் சொல்லின் முதலெழுத்து என்று வாசிக்கிறார்கள், ஆனால் வாசிப்பு ஆளுக்கு ஆள் மாறுகிறது. அப்புறம் தெற்குப் பக்கத்துக் கைப்பிடிச் சுவரின் துளைவேலை.

உள்ளே ஒரு பைனாகுலர் கட்டாயம் வேண்டும், கழுத்து வலிக்காமல் பார்க்கப் பின்வரிசைப் பெஞ்சில் சாய்ந்து உட்காருங்கள். சனி ஞாயிறில் திருமணமோ கச்சேரியோ இருக்கலாம், முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். ஆல்ட்பரா இசைவிழாவின் கச்சேரிகள் இங்கே 1950களிலிருந்தே நடக்கின்றன. 1969இல் விழாவின் முதல் இரவே ஸ்னேப் அரங்கம் எரிந்துபோனபோது, விழாவைத் தொடங்கியவர்களில் ஒருவரான இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் மோட்ஸார்ட்டின் ‘இடொமெனேயோ’ இசைநாடகத்தை இங்கே கொண்டுவந்து நடத்தினார். அந்த மரக்கூரையின் கீழ் குரல் எப்படி நிற்கிறது என்று கேட்க முடிந்தால் கேளுங்கள். கோவ்ஹைத்தையும் அதே நாளில் சேர்த்துக்கொள்ளலாம், காரில் பக்கம்தான்.

---

சுடர்_லண்டன் எழுதியது:

மிக்க நன்றி எல்லோருக்கும். வால்பர்ஸ்விக்கையும் சேர்த்துவிடுகிறேன். கிழக்குச் சுவர் எழுத்துகளைத் தெளிவாகப் படமெடுத்து இங்கே போடுகிறேன், ஓலைக்கணக்கு அண்ணா வாசித்துப் பாருங்கள்.